செவ்வாய்க்கிழமை விலை இறங்கும்

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். அதில் யார் விமானத்தில் எங்கே போவதாக இருந்தாலும் முதலில் இரண்டாவது மாடிக்கு ஏறி வந்து என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஏஜென்ட் எல்லாம் எதற்கு, சாரிடம் சொன்னால் பாதி விலைக்குப் போட்டுத் தருவார் என்று பூந்தமல்லியில் எங்கள் தெருவைத் தாண்டியும் எனக்கு ஒரு பேர் இருந்தது. பாதி விலை என்பது மிகை. ஆனால் நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு செய்கிற ஒரு கம்பெனியில், பர்ச்சேஸ் பிரிவில். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, அதில் குறைந்ததை எடுத்து, அந்த ஆளையே மறுபடி கூப்பிட்டு இன்னும் குறை என்று கழுத்தைப் பிடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. முதலில் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவதை என் மனைவி எப்போதோ நிறுத்திவிட்டாள். "நீங்க வந்து நின்னாலே அந்தம்மா கீரைக்கட்ட எடுத்து ஒளிச்சு வைக்கிறா" என்பாள்.

விமான டிக்கெட் என் புத்திக்கென்றே செய்துவைத்த சாமான். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் விலை இறங்கும் என்பது என் வேதம். ஒரே தேதியை மூன்று தடவை தேடினால் நம் அவசரம் டிக்கெட் விற்கிறவனுக்குத் தெரிந்துபோய் விலையை ஏற்றிவிடுவான், அதனால் ஒவ்வொரு தடவையும் நாம் யாரென்று காட்டாத மறைவான ஜன்னல் ஒன்றை பிரவுசரில் திறந்து தேட வேண்டும் என்பது இன்னொன்று. இதெல்லாம் உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சோற்றைப் பிசைந்து மறு கையால் போனைத் தள்ளித் தள்ளி, எண்ணூறு ரூபாய் குறைந்ததைக் கண்டுபிடிக்கிற நிமிஷத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் மாடி டீச்சர் குடும்பத்தை டெல்லிக்கு ஹைதராபாத் வழியாக அனுப்பினேன். நடுவில் ஏழு மணி நேரம் காத்திருப்பு. என் மச்சினியைத் திருச்சிக்குப் பஸ்ஸில் அனுப்பி அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டேன். கால் வீங்கிப் போய்த் திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கீழ் வீட்டில் ஒரு பாய் குடும்பம். பாய்க்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட் கவர் கடை. பைக், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எதுவானாலும் ரெக்ஸின் வெட்டி, ஸ்பாஞ்ச் வைத்து, தைத்து மாட்டிவிடுவார். என் வயதுதான், நாலைந்து மாதம் மூத்தவராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு டீ சேர்ந்து குடிப்போம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டையும் அது கிளப்புகிற புழுதியையும் திட்டுவோம். ரெக்ஸின் மொத்த விலையில் அவரை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நான் எடுத்துச் சொல்வேன். "வுடு சார், அவனும் பொழைக்க வேணாமா" என்பார். இந்த மனுஷனுக்கு எப்படித்தான் கடை ஓடுகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்கு ஒரே பையன். துபாயில் ஏசி மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை முதன்முதலாக ஏற்றி அனுப்பிய டிக்கெட்டே நான் போட்டதுதான். அதற்குப் பிறகு அவன் வந்ததும் போனதும் எல்லாம் என் கையால்தான். அந்த வருஷம் பெருநாளுக்கு வர வேண்டியவன். பெருநாள் வாரத்தில் விலை ஏறிக் கிடந்தது. "ரெண்டு மாசம் தள்ளி வாப்பா, பாதியா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். அவனும் சரி அங்கிள் என்றான். இரண்டு மாதம் கழித்து அவன் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. ஆக, தகப்பனும் மகனும் நேரில் பார்த்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கோவில்பட்டியில் என் அப்பா இறந்துபோனார். அண்ணன் மஸ்கட்டில். ஐஸ் பெட்டி வரவழைத்து அப்பாவை அதில் வைத்து, ஒன்றரை நாள் அண்ணனுக்காகக் காத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். மூத்தவன் வராமல் எடுக்க மாட்டார்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் அண்ணனுக்குக் கொச்சி வழியாக டிக்கெட் தேடினேன். நேராக வருவதைவிட ஒன்பதாயிரம் குறைவு. அண்ணன் வந்தான், பார்த்தான், பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்து இதை பாயிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, "எங்கள்ல அப்டிலாம் வெக்க மாட்டாங்க சார். காலைல பூட்டா சாய்ங்காலத்துக்குள்ள மண்ணு. மிஞ்சிப் போனா ராத்திரி தொழுகை முடிச்சிட்டு. அதுக்கு மேல வெச்சா பூட்டவனுக்கு வேதனன்னுவாங்க" என்றார். நானும் தலையாட்டினேன். டீ ஆறிவிடப்போகிறது குடியுங்கள் என்றேன். அந்தப் பேச்சு அப்படியே என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

ஒரு வியாழக்கிழமை கடையில் ஆட்டோ சீட் ஒன்றுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது பாய்க்கு நெஞ்சு வலித்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆவடி ரோட்டில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அம்பத்தூரிலிருந்து நேராக அங்கேதான் போனேன். மருந்து கொடுத்தாகிவிட்டது, இரண்டு நாளில் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். மறுநாள் பையன் போன் செய்தான்.

"அங்கிள், டிக்கெட் பாருங்க அங்கிள். ஒரு வாரம் லீவு தரேன்னுட்டாங்க. அத்தாவ ஒரு தபா நேர்ல பாத்துட்டா போதும்."

பார்த்தேன். பள்ளிக்கூட லீவு முடிகிற வாரம். விலை என் வாழ்க்கையில் நான் பார்க்காத உயரத்தில் இருந்தது. அதே வழியில் எவ்வளவு குறைவாக அவன் வந்திருக்கிறான் என்று எனக்கு மனப்பாடம். அந்த விலை மனதில் இருக்கும்போது இதைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. "அத்தாவுக்கு இப்ப ஒண்ணும் இல்லப்பா. செவ்வாய்க்கிழமை இறங்கும், அன்னிக்குப் போட்டுருவோம்" என்றேன்.

பாயும் கட்டிலில் கிடந்தபடி அதையேதான் சொன்னார். அவரைச் சாட்சிக்கு இழுப்பதாக நினைக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். "அவனுக்கு இன்னா சார் அவசரம், நான் இன்னா பூட்டனா? நீ சீப்பா வரசொல்லோ போடு" என்று சிரித்தார். மூக்கில் குழாயோடு சிரித்தார். ஆனால் அவர் வீட்டம்மா சிரிக்கவில்லை. வராண்டாவில் என்னைத் தனியாகப் பார்த்து, "எவ்ளோ ஆனாலும் பரவால்ல சார், புள்ளய வரவெச்சிடுங்க. மனசு ஒரு மாதிரியா கீது" என்றார். சரிம்மா, செவ்வாய்க்கிழமை என்றேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவியும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்தப் பையனக் கூப்பிட்டு விடுங்க. எப்பப் பாத்தாலும் ரூவா ரூவான்னுக்கிட்டு."

"என் காசா? அவன் காசத்தானே மிச்சம் பண்றேன்" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அது உண்மையும்கூட. அதில் எனக்குப் பத்துப் பைசா கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தேன். இறங்கியிருந்தது. ஆனால் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இறங்க ஆரம்பித்தது இன்னும் இறங்கும் என்று என் இருபத்திரண்டு வருஷப் புத்தி சொன்னது. விலை குறைந்தால் மணி அடிக்கும்படி ஆப்பில் குறித்துவைத்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் பொறு" என்று பையனுக்குச் செய்தி அனுப்பினேன். அவன் கை கூப்புகிற படம் ஒன்று அனுப்பினான்.

புதன்கிழமை காலை எட்டே காலுக்கு பாய் இறந்துபோனார்.

நான் வேலைக்குப் போகிற வழியில் அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கே வந்திருந்தேன். நெஞ்சு வலி இரண்டாவது தடவை வந்தது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வீட்டம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சேக்காட்டில் இருக்கும் பாயின் அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் பூந்தமல்லி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பிறகு பையனுக்கு போன் செய்தேன். அவனிடம் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. அவனுக்குப் பின்னால் யாரோ ஹிந்தியில் அவனை என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நினைவிருக்கிறது.

"பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பு. டிக்கெட் நான் அனுப்பறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில், பில் கட்டுகிற ஜன்னலுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். விலை குறைந்தது மேலே வரும்படிதான் நான் எப்போதும் வைத்திருப்பேன். அன்றைக்கும் அப்படியே வந்தது. முதல் வரியில், துபாய் நேரம் மத்தியானம் மூன்றே கால் மணிக்குக் கிளம்பி, மும்பையில் இரவு முழுக்க இருந்து, மறுநாள் காலை ஏழு மணிக்குச் சென்னை. ஐந்தாவது வரியில், அந்த ஊர் நேரம் பன்னிரண்டரைக்குக் கிளம்பி நேராக வந்து, அன்றைக்கே சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னை. இரண்டுக்கும் பதினோராயிரம் வித்தியாசம்.

ஐந்தாவது வரியை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். அதன் மேல் விரலைக்கூட வைத்தேன். அப்போது என் மனதில் வந்தது கோவில்பட்டி வீடும் ஐஸ் பெட்டியும் சுவரில் சாய்ந்து நான் உட்கார்ந்திருந்த இடமும்தான். எப்படியும் வைத்திருக்கப் போகிறார்கள், சாயங்காலம் வந்தால் என்ன, காலையில் வந்தால் என்ன, ஓர் இரவுக்குப் பதினோராயிரமா என்று கணக்குப் போட்டேன். ஒரு ஆள் செத்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் கொட்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வரியை அழுத்தினேன். டிக்கெட்டைப் பையனுக்கு அனுப்பிவிட்டு போனும் செய்தேன்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எறங்கிருவ. அதுவரைக்கும் எல்லாரும் உனக்காகக் காத்திருப்பாங்க. நீ பதறாம வா."

"காத்திருப்பாங்களா அங்கிள்?" என்று கேட்டான்.

"காத்திருக்காம எங்க போவாங்க" என்றேன்.

யாரைக் கேட்டுக்கொண்டு அந்த வாக்கைக் கொடுத்தேன்? ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பத்து வருஷம் அந்தக் குடும்பத்துக்கு மேலே குடியிருந்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பிரியாணியை எத்தனையோ பெருநாளில் சாப்பிட்டிருக்கிறேன்.

பாயின் அண்ணன் மறுபடி போன் செய்து, "பையனுக்குச் சொல்லியாச்சா சார்?" என்று கேட்டபோது, "டிக்கெட்டே போட்டாச்சு, கிளம்பிட்டான்" என்றேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். எத்தனை மணிக்கு வருகிறான் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தகப்பன் இறந்த செய்தி கேட்டவன் கிடைக்கிற முதல் விமானத்தில் வருவான் என்றுதானே எந்த மனுஷனும் நினைப்பான்.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துகள் முடிந்து ஆம்புலன்ஸில் கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. ஒன்றரை மணிக்கு எங்கள் குடியிருப்பு வாசலில் பாயை இறக்கினார்கள். ஜமாத்திலிருந்து ஆட்கள் வந்து கீழே துணி கட்டி மறைத்துத் தயாராக நின்றார்கள். குளிப்பாட்டத் தண்ணீர், வெள்ளைத் துணி, கற்பூரம் எல்லாம் வந்திருந்தது. ஐஸ் பெட்டி மட்டும் இல்லை. நான் அதைத்தான் தேடினேன்.

"பெட்டி சொல்லலையா?" என்று பாயின் அண்ணனிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் பெட்டி? பையன் ஆறு மணிக்கு வந்துடுவான்ல. எட்டரைக்கு இஷா தொழுகை முடிச்சிட்டு எடுத்துடலாம்னு பள்ளில சொல்ட்டேன். அவனுக்கோசரம்தான் ராத்திரி வரைக்கும் வெக்கிறதே. மத்தியான ஃப்ளைட்டு ஒண்ணு கீதே, அதுலதான வரான்?"

அவர் மருமகனும் துபாயில்தான் வேலை செய்கிறார். அந்த விமானத்தின் நேரம் அவருக்கும் தெரிந்திருந்தது.

போனை எடுத்தேன். துபாயில் அப்போது மணி பன்னிரண்டு. ஐந்தாவது வரி இல்லை. மறைவான ஜன்னலில் தேடினேன், வேறு ஆப்பில் தேடினேன், அன்றைக்கு நேராக வருகிற விமானமே காட்டவில்லை. கிளம்புவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது யார் டிக்கெட் விற்பான்? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் நாளைக்குக் காலைல ஏழு மணிக்குத்தான் எறங்குவான்" என்றேன். "மும்பை வழியா."

"நாளிக்கா?"

"ஒரு ராத்திரிதானே. பெட்டி நான் சொல்றேன், செலவு நான் பாத்துக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் தோளில் கை வைத்து, ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்கள்ல ராத்திரி முழுக்க வெக்கிறது இல்ல சார். எங்க வாப்பா மௌத்தானப்போ தம்பிதான் சொன்னான், லேட் பண்ணாத அண்ணே, நாளிக்கு எனக்கும் லேட் பண்ணக்கூடாதுன்னு. பையன் வரப்போறது இல்லன்னா இஷா வரைக்கும் இன்னாத்துக்கு? அஸருக்கே எடுத்துடலாம்."

அஸர் என்பது சாயங்காலத் தொழுகை. இன்னும் மூன்றே மணி நேரம் இருந்தது.

பையனிடம் அவர்தான் பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் "நம்ம கைல ஒண்ணும் இல்லடா கண்ணு, துவா செய்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டுத் துணி மறைப்புக்குள்ளே போனார்.

குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். பையனுக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டிவிடலாம் என்றார் அண்ணன். அந்த ஊரில் இருப்பவர்களோடு முகம் பார்த்துப் பேசத் தனியாக ஓர் ஆப் வேண்டும். அது பாயின் போனில்தான் இருந்தது. வீட்டம்மா வாங்கித் திறந்து என் கையில் கொடுத்தார். இதெல்லாம் சாருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நான் அழைத்தேன். அவன் போனில் 'அத்தா' கூப்பிடுவதாகக் காட்டியிருக்கும் என்பது மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எடுத்தான். விமானத்தில் ஏற வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நான் போனைப் பாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அதில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று தெரியாது. இரண்டு தடவை அத்தா, அத்தா என்றான். பிறகு படம் நின்றுவிட்டது. அவன் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வெள்ளைத் துணியை மூடினார்கள்.

கபரஸ்தானுக்கு நானும் நடந்தேன். சந்தூக்கைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். எனக்கும் தோள் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். குழிக்குள் இறக்கிய பிறகு எல்லோரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "வா சார், உன் சிநேகிதன்தான" என்றார். குனிந்து மண்ணை அள்ளினேன். அந்த நேரத்தில் அவன் விமானம் அங்கே கிளம்பியிருக்கும். பையன் போட வேண்டிய மண்ணை நான் போட்டேன். மூன்று கைப்பிடியும் போட்டேன்.

மறுநாள் காலை ஏர்போர்ட்டுக்கு நானே காரில் போனேன். வேறு யாரையும் விடவில்லை. ஏழரைக்கு வெளியே வந்தான். தோளில் ஒரு சின்னப் பை மட்டும்தான். நான் போட்ட டிக்கெட்டில் பெட்டி கொண்டுவர இடம் இல்லை. மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுவான் என்று பயந்துகொண்டே நின்றிருந்தேன். அவன் ஸலாம் சொன்னான், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான்.

பைபாஸில் ஏறினோம். அவன் கேட்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு புரண்டிருந்தேன்.

"நேரா வர்ற ஃப்ளைட்டு நேத்து ஃபுல்லுப்பா. எவ்வளவோ பாத்தேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான்.

"பக்கத்து கேட்லதான் அங்கிள் அந்த ஃப்ளைட்டு போச்சு. நான் அங்கதான் உக்காந்துகினு இருந்தேன். ஆளே இல்ல. கடைசிக் கால் குடுத்து, பேரெல்லாம் கூப்டு, கதவ மூடுனாங்க. பாத்துகினேதான் இருந்தேன்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுப் பாக்கலாமான்னு எழுந்துகூட நின்னேன். கைல பேங்க் கார்டு இருந்துச்சு. அப்பறம், நீங்க காத்திருப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, பெரியத்தாகிட்ட பேசிட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன். அங்கிள் போட்டா அதுல ஏதனா காரணம் இருக்கும்னு உக்காந்துட்டேன்."

அவன் குரலில் குற்றம் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. நடந்ததைத்தான் சொன்னான். போரூர் தாண்டியது, ஐயப்பன்தாங்கல் தாண்டியது, பூந்தமல்லி வந்தது. மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். பதினோராயிரம் ரூபாய்க்காகத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். வண்டியை நேராகக் கபரஸ்தானுக்கு விடச் சொன்னான். ஈர மண்ணுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்ததை நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் மணி அடித்தது. துபாய் சென்னை விலை குறைந்துவிட்டது என்று ஆப் சொன்னது. குறித்துவைத்ததை எடுக்க மறந்திருந்தேன். நான் காத்திருந்த அதே விலைக்கு வந்திருந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் போய்க் கை கழுவினேன். அன்றிலிருந்து யாருக்கும் டிக்கெட் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் மனைவி மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீழ் வீட்டம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பையன் நாற்பதாம் நாள் பாத்தியா வரைக்கும் இருந்தான். லீவை நீட்டித்துக்கொண்டான், அதற்குச் சம்பளம் இல்லையாம். கடையைப் பக்கத்துக் கடைக்காரருக்கே விட்டுவிட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள் மாடி ஏறி வந்தான். என் மனைவி காப்பி கொடுத்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளிக்குக் கெளம்புறேன் அங்கிள். டிக்கெட் நானே போட்டுகினேன். நேரா போறதுதான்" என்றான்.

"எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்து வாய், தானாகக் கேட்டுவிட்டது. அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அதெல்லாம் பாக்கல அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.